பிஷப்புக்கும் குவீனிக்கும் படர்தாமரை

ஹோப்கேட்,
1973 ஏப்ரல் 9

தம்பி கத்பர்ட்டுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் போகவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். தினமும் காலையில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உன் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறது, பார்த்துக்கொள்கிறேன், அது போதும்.

உன்னோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்று கண்காட்சி மைதானத்தில் நாலு பேர் முன்னால் சொன்னது சொன்னதுதான். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். என் குவீனி பருவத்துக்கு வந்துவிட்டாள். முயல் பிடிக்க வளர்க்கிற இந்த ஃபெரெட் ஜாதியில் பெட்டையை அப்படியே விட முடியாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய் பூனை மாதிரி தானாகத் தணிகிற ஜாதியா அது? கடுவனோடு சேராவிட்டால் கோடை முழுக்க அப்படியே நின்று, ரத்தம் சுண்டிச் செத்துப்போகும். அம்மாவுடைய வெள்ளைப் பெட்டை அப்படித்தானே போனது. நாம் இரண்டு பேரும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதோமே.

இத்தனை வருஷமும் தபால்காரர் டல்லிப்பின் கடுவன்தான் வந்துபோகும். அது போன குளிரில் செத்துவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம் வேறு கடுவன் இல்லை. நானும் பிப்ரவரியில் பித்தப்பையை எடுக்க ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள், ஊர் ஊராக அலைய உடம்பில் தெம்பில்லை. பக்கத்து வீட்டு மிசஸ் ரிட்லி புண்ணியத்தில் அப்போது குவீனி பட்டினி கிடக்கவில்லை.

உன் கடுவன் பிஷப்பை இரண்டு நாளைக்குக் கொடு. நீ வர வேண்டாம். பெட்டியில் போட்டுப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் போதும். திரும்பி வரும்போது பெட்டியில் நெல்லிக்காய் ஜாம் ஒரு பாட்டில் இருக்கும்.

இன்னமும் உன் அக்காதான்,
ஹெஸ்டர்


லிண்டன் ரோ,
1973 ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம்.

பிஷப் இந்த வருஷம் எங்கும் வருவதற்கில்லை. காரணம் கேட்காதே. வேறு கடுவன் பார். அதுவரை குவீனிக்கு ஈரலும் முட்டை மஞ்சளும் கொடு, ரத்தம் ஊறும்.

அன்பு,
கத்பர்ட்

பி.கு. தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு பாரம் தூக்காதே. கரி வாளியைப் பாதி பாதியாக நிரப்பித் தூக்கு.


ஹோப்கேட்,
1973 ஏப்ரல் 16

கத்பர்ட்,

நல்லா இருக்குடா உன் நியாயம்! வேறு கடுவன் பார்ப்பதாம். கடுவன் என்ன மளிகைக் கடையில் தொங்குகிறதா, ஒன்று கொடு என்று கேட்டு வாங்க?

உனக்கு என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்டு. வாயில்லாத ஜீவனிடம் ஏன் காட்டுகிறாய்? நாலு வருஷத்துக்கு முன்னால் கண்காட்சியில் ஜட்ஜாக நின்றவன் நீ. என் குவீனியை மூன்றாவதாக வைத்துவிட்டு, நெட் ஃபெதர்ஸ்டனின் அந்தத் தொந்தி பெருத்த பிண்டத்துக்கு முதல் பரிசு கொடுத்தாய். கூடப் பிறந்தவளுக்குக் கொடுத்தால் ஊர் பேசும் என்று பயந்தாய். அன்றைக்குப் போனது ஒரு ரிப்பன், போகட்டும். இன்றைக்கு அவள் உயிரல்லவா போகிறது?

குவீனியின் ஈறு வெளுத்துக்கொண்டே வருகிறது. உடம்பில் முடி கொட்டுகிறது. பருவத்தில் வாலடியில் கொட்டுவது வழக்கம்தான். இந்தத் தடவை காதுக்குப் பின்னாலும் தோளிலும் சொட்டை சொட்டையாக இருக்கிறது. முன்பெல்லாம் என் கால் விரலைக் கடிக்க ஓடி வருகிறவள், இப்போது கூண்டுக் கதவைத் திறந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். எனக்கு வேறு கழுத்தில் ஒரே அரிப்பு. உன் கடிதத்தைப் படித்த எரிச்சலில் வந்தது என்று நினைக்கிறேன்.

யோசித்துப் பார். அவளுக்கு ஏதாவது ஆனால், அப்புறம் எழுதக்கூட மாட்டேன்.

ஹெஸ்டர்


லிண்டன் ரோ,
1973 ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

படித்துவிட்டு இதை அடுப்பில் போடு.

பிஷப்புக்குப் படர்தாமரை. குளிர்காலத்திலிருந்தே இருக்கிறது. நெற்றியில் ஒரு வட்டமாக முடி போனது. முயல் வளைக்குள் போனவன் எங்கேயாவது உரசிக்கொண்டான் என்று விட்டுவிட்டேன். பிறகு என் வயிற்றில் ஒரு வட்டம். அவன் சட்டைக்குள் சுருண்டு படுக்கிற இடம். ஓரம் சிவந்து தடித்து, நடுவே தோல் தெளிந்து, தேநீர்க் கோப்பை வைத்து எடுத்த கறை மாதிரி. அப்புறம் கையில் இரண்டு.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வைக்கோலையெல்லாம் கொளுத்தினேன். கூண்டுக்கு ப்ளீச் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. மரத்தின் சந்துகளில் ஒளிந்துகொள்ளுமாம். கடைசியில் கூண்டையே கொளுத்திவிட்டேன். இப்போது பிஷப் சமையலறையில் சாக்கு விரித்த ஒரு பெட்டியில் குடியிருக்கிறான். இங்கே டாக்டரிடம் போனால் விஷயம் பரவிவிடும் என்று இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போய் மருந்து வாங்கினேன். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். அதில் அவனைக் குளிப்பாட்ட வேண்டும். அழுகின முட்டை நாற்றம். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

ஃபெரெட் சங்கத் தலைவன் நான். வீட்டில் தோல் நோய் இருப்பவர்கள் கண்காட்சிப் பக்கமே வரக்கூடாது என்று விதி எழுதியவனும் நான். ஆல்டர்சனை அதே விதியைச் சொல்லி எல்லோர் முன்னாலும் வெளியே அனுப்பியிருக்கிறேன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அதனால் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

உன் மேல் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. குவீனிக்கு ஒட்டக்கூடாது என்றுதான் மறுத்தேன்.

ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாக இல்லை. குவீனிக்குச் சொட்டை என்கிறாயே, அது வட்டமாக இருக்கிறதா? செதில் செதிலாக இருக்கிறதா? நீயும் கண்ணாடியை எடுத்து உன் கழுத்தைப் பார். தயவு செய்து பார்.

பரிசு விஷயத்தில் நான் சொன்னதுதான். அன்றைக்குக் குவீனிக்கு நகம் வெட்டாமல் கொண்டுவந்தாய். நகம் வெட்டாத ஃபெரெட் ராணியுடையதாக இருந்தாலும் மூன்றாவதுதான்.

அன்பு,
கத்பர்ட்


ஹோப்கேட்,
1973 ஏப்ரல் 26

என் அருமைத் தம்பிக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அதன் பின்பக்கத்தில் மருந்துச் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.

கழுத்தைப் பார்த்தேன். வட்டம். அப்படியே பெல்ட் பக்கிள் மாதிரி. நேராக டாக்டரிடம் போனேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது இந்தியாவிலிருந்து வந்த ஓர் இளைஞர். "வீட்ல பூனை நாய் இருக்கா?" என்றார். "ஃபெரெட் இருக்கு" என்றேன். அது எப்படி இருக்கும் என்று கேட்டார். கையோடு கொண்டுபோயிருந்த கூடையைத் திறந்து குவீனியைக் காட்டினேன். "அட, எங்க ஊர்க் கீரிக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கே!" என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "படர்தாமரைங்க. புழுவும் இல்ல, சாபமும் இல்ல. பூஞ்சை. களிம்பு தர்றேன், வட்டம் போன பிறகும் கொஞ்ச நாள் விடாம தடவுங்க. துண்டு, தலையணை உறை எல்லாம் கொதிக்கிற தண்ணில போடுங்க" என்றார்.

அங்கிருந்து கால்நடை டாக்டர் மிஸ் டாட்ஸிடம். இருட்டறையில், பூஞ்சையைப் பச்சையாகக் காட்டுகிற ஒரு ஊதா விளக்கைப் போட்டாள். குவீனியின் காதும் தோளும் பச்சையாக மின்னின. எனக்கு அழுகை வந்துவிட்டது. நோயை விடு, அவள் ஈறைப் பார்த்து மிஸ் டாட்ஸ் சொன்னதைக் கேட்டுத்தான். "இந்தப் பருவம் சீக்கிரம் தணியலேன்னா படர்தாமரை போகும்போது இவளும் போயிருவா" என்றாள். பூஞ்சைக்கு மாத்திரை இருக்கிறதாம். ஆனால் சினையானால் குட்டிக்கு ஆகாது, அதனால் முட்டை நாற்றத் தண்ணீர்தான் என்றாள். உன் தண்ணீரேதான்.

இப்போது கேள். வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். குவீனி குளிர்காலம் முழுக்க என் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. வேறு ஃபெரெட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. அப்படியிருக்க இது எப்படி வந்தது? மிசஸ் ரிட்லியிடம் போய், "நான் ஆஸ்பத்திரியில் இருந்தப்போ நீ எங்கேயாவது பூனையைத் தொட்டுட்டு வந்து இவளுக்குச் சோறு வெச்சியா?" என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "ஹெஸ்டர், பொய் சொன்னா எனக்கு நெஞ்செரிச்சல் வரும். நான் அந்தப் பல்லுப் பிசாசு கிட்டப் போவேனா? உன் தம்பிதான் தினமும் வந்தான். பனியில மலை ஏறி நடந்தே வந்தான். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்" என்றாள்.

படுபாவி. அந்தப் பனியில் பஸ்ஸே ஓடவில்லையே.

நீ எனக்கு நோயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு உன்னைத் திட்ட வாயும் வரவில்லை, விடவும் மனசில்லை. கன்னம் நனைந்து களிம்பெல்லாம் வழிகிறது.

மிஸ் டாட்ஸிடம் கேட்டேன். இரண்டுக்கும் ஒரே நோய் என்றால் இனிமேல் பிரித்து வைத்து என்ன ஆகப்போகிறது, சேர்த்து விடுங்கள், நாளைத் தள்ளாதீர்கள் என்றாள். பிஷப்பை அனுப்பு. கண்டக்டரிடம் வேண்டாம், பாவம் அவனுக்கும் ஒட்டும். நீயே கொண்டுவா.

அக்கா
ஹெஸ்டர்


லிண்டன் ரோ,
1973 ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

மிசஸ் ரிட்லியின் வாய்க்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நீ ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கண்டக்டர் சொன்னான். ஃபெரெட்டுக்கு யார் சோறு போடுவார்கள் என்று நினைத்துத்தான் கிளம்பினேன், உன்னைப் பற்றி நினைக்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் பொய். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். என்னைப் பார்த்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், தையல் பிரியும் என்று திரும்பிவிட்டேன்.

பிஷப்பை வீட்டில் தனியாக விட்டால் சோபாவைக் கிழிப்பான். அவனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுதான் மலை ஏறுவேன். உன் கொட்டகையில் குவீனி நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள். அப்போது பருவமில்லை, வம்பில்லை. அப்படியே உன் வைக்கோல் மூட்டை மேல் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன். இரண்டும் சூடாகத் தூங்கும். இந்த நாலு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. அந்தச் சட்டைதான் இத்தனைக்கும் காரணம். புத்தி கெட்டவன், நெற்றியில் வட்டம் இருக்கிறவனையும் அவளையும் ஒரே சட்டையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். நீ பேச வேண்டாம். நான் கொட்டகையில் இருந்துகொள்கிறேன்.

கத்பர்ட்


லிண்டன் ரோ,
1973 மே 9

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். பிஷப் மூன்று நாளாக அசையாமல் தூங்குகிறான்.

நான் இருந்த நாட்களில் நீ என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று மிசஸ் ரிட்லியிடம் பெருமை அடித்துக்கொண்டாயாமே. கண்டக்டர் சொன்னான். நடந்ததை எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, கையிலிருந்த குவீனியிடம், "குவீனி, வந்திருக்கிறவர் பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வரலாம்னு சொல்லு" என்றாய். சரி, அது குவீனியிடம் சொன்னது. நானும் என் பங்குக்கு, "பிஷப்பு, டீல சர்க்கரை வேண்டாம்னு சொல்லிடு" என்றேன். அதற்கு நீ, "நாலு ஸ்பூன் போட்டுக் குடிச்ச ஆளு. எப்பலேர்ந்து இந்தக் கூத்து?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாய். அதையும் சுவர்க் கணக்கில் எழுதிவிடலாம். அன்று சாயங்காலம் என் முதுகில் கை எட்டாத இடத்தில் இருக்கிற வட்டத்துக்கு நீ களிம்பு தடவினாய், உன் பிடரியில் நான் தடவினேன். அப்போதும் யாரும் பேசவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலை? பாதி முகத்துக்குச் சவர நுரையோடு நின்றிருந்தேன். "டேய் கத்பர்ட்டு! ஓடி வாடா! குவீனி அசையலடா! போயிட்டாடா!" என்று தெருவே கேட்கக் கத்தியது யார்? நான் வழுக்கி விழுந்து ஓடி வந்து பார்த்தால், அவள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஃபெரெட்டின் செத்த தூக்கம். காதைத் திருகினால்கூட எழுந்திருக்காத தூக்கம். நீ ஆயுசு முழுக்க ஃபெரெட் வளர்த்தவள்! மூக்குக்குப் பக்கத்தில் முட்டை மஞ்சளைக் காட்டியதும் ஒரு கண்ணைத் திறந்தாளே, அதற்கப்புறம் நீ என் தோளில் சாய்ந்து அழுதபடியே என்னைத் திட்டினாய். நுரை காய்ந்து முகத்தில் ஒட்டும் வரை திட்டினாய். அதற்கு என்ன பெயர்?

குவீனி எப்படி இருக்கிறாள்? வாலடியில் பருவத்துக்கு வந்த வீக்கம் வற்றியதா? உடனே எழுது. இங்கே தூக்கம் வரவில்லை.

கத்பர்ட்


ஹோப்கேட்,
1973 மே 17

தம்பி கத்பர்ட்டுக்கு,

அது பேச்சில்லை. கத்தல். கத்த மாட்டேன் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

வற்றிவிட்டது! முதலில் நம்பவில்லை. மறுநாளும் பார்த்தேன், இன்னும் வற்றியிருந்தது. மிஸ் டாட்ஸ் வந்து ஈறைப் பார்த்தாள். இளஞ்சிவப்பு. "தப்பிச்சிட்டாங்க உங்க மகாராணி" என்றாள். வயிற்றைத் தடவிப் பார்த்துச் சினை போலத்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். அவள் போன பிறகு நான் கொட்டகையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். சந்தோஷத்தில்தான். குவீனி என் கால் கட்டைவிரலைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள். இப்படி ஒரு கடியை நான் எவ்வளவு நாளாக எதிர்பார்த்தேன், தெரியுமா?

சொட்டையில் பூனை முடி மாதிரி மெத்தென்று புது முடி முளைக்கிறது. என் கழுத்தும் மங்கிவிட்டது. பிடரியில் இருப்பதுதான் அப்படியே இருக்கிறது. எட்டவில்லை. மிசஸ் ரிட்லியைத் தடவச் சொன்னால் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதில் தடவுகிறாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சங்கத்தில் போய்ச் சொல்லிவிடு. கண்காட்சி நெருங்குகிறது. நாலு பேர் ஃபெரெட்டை நீ தொட்டுத் தூக்கிப் பார்த்து, அதுகளுக்கும் ஒட்டினால் அப்புறம் உன்னாலேயே உன்னைப் பார்க்க முடியாது. எனக்குத் தெரியாதா உன்னை? நகம் வெட்டவில்லை என்று கூடப் பிறந்தவளையே மூன்றாவதாக வைத்த ஆள் நீ.

அக்கா


லிண்டன் ரோ,
1973 ஜூன் 14

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். பாராட்டு.

மதுக்கடையின் பின்னறையில்தான் கூட்டம். இந்த வெயிலில் பார்த்தால் எல்லோரும் கழுத்தில் மப்ளர், முழுக்கைச் சட்டை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எழுந்து நின்றேன். "ஐயாமார்களே, என் வீட்ல படர்தாமரை. நான் எழுதின விதிப்படி நான் வெளிய போறேன். ஆல்டர்சன், உங்கிட்ட நான் அன்னிக்கு நடந்துக்கிட்ட விதம் சரியில்ல" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.

பிறகு நெட் ஃபெதர்ஸ்டன் தொண்டையைக் கனைத்து, "உக்காருய்யா. நீ வெளிய போனா நானும் போகணும்" என்று மப்ளரை அவிழ்த்தான். தாடைக்குக் கீழே பெரிய வட்டம். அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருத்தன் கையை மடிக்கிறான், ஒருத்தன் காலைக் காட்டுகிறான், பொருளாளர் சட்டையையே கழற்றிவிட்டார். குளிர்காலம் முழுக்க ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒருத்தன் சொறிந்துகொண்டிருந்திருக்கிறோம். எல்லோரும் என்னைப் போலவே பஸ் மாறிப் போய் அதே ஊரில் அதே மருந்து வாங்கியிருக்கிறார்கள். ஆல்டர்சன் ஒருவனுக்குத்தான் ஒன்றும் இல்லை. நான் விரட்டிய நாளிலிருந்து அவன் கூட்டத்துக்கு வருவதில்லை, அன்றைக்குத்தான் வந்திருந்தான். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான்.

அப்போது கடைக்காரர் மனைவி கோப்பைகளோடு வந்தாள். அவள் தோளில் அந்தப் பூனைக்குட்டி. போன நவம்பரில் வந்து, குளிர்காலம் முழுக்க எங்கள் எல்லோர் மடியிலும் மாறி மாறித் தூங்கியது. காதில் வட்டமாக முடி இல்லை. நாங்கள் பார்த்தோம். பூனைக்குட்டியும் எங்களைப் பார்த்தது.

கண்காட்சியை அக்டோபருக்குத் தள்ளிவைத்துவிட்டோம். பூனைக்குட்டியை மிஸ் டாட்ஸிடம் அனுப்பியிருக்கிறோம், செலவு சங்கத்துடையது. ஜட்ஜாக ஆல்டர்சனைப் போட்டோம்.

குவீனிக்கு நாள் நெருங்குகிறது. இந்தச் சமயத்தில் கூண்டை அடிக்கடி திறந்து பார்க்காதே, பயந்தால் குட்டியைத் தின்றுவிடும். பால் கொடு.

கடுவன்காரனுக்குத்தான் முதல் குட்டி என்பது வழக்கம். ஈனுவதில் எனக்குப் பிடித்ததை நான் எடுத்த பிறகுதான் நீ யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் இந்தத் தடவை எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள். எங்கள் வரிசை வீடுகளை அடுத்த வருஷம் இடிக்கப்போகிறார்கள். சுரங்கம் மூடியதிலிருந்து பாதி வீடு காலிதான். எனக்குப் புது ஊரில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் வெந்நீர் வருமாம். பிராணிகள் கூடாதாம். பிஷப்பை நெட் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். நல்ல மனுஷன்தான். பார்க்கலாம்.

உன் பிடரி எப்படி இருக்கிறது?

கத்பர்ட்


ஹோப்கேட்,
1973 ஜூலை 22

என் தம்பி கத்பர்ட்டுக்கு,

ஆறு குட்டி. கண்ணைத் திறந்துவிட்டதுகள். ஒன்றுக்கு நெற்றியில் பிஷப்பின் சாயல், ஒன்றுக்குப் பிஷப்பின் திருட்டுக் குணம், என் செருப்பில் ஒன்றை இழுத்துக்கொண்டு போய் வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டது. மிஸ் டாட்ஸ் நேற்று ஊதா விளக்கோடு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் பச்சை இல்லை. குவீனியிலும் இல்லை. என் கழுத்திலும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். "இது ஃபெரெட்டுக்கான விளக்கு" என்றாள். "நானும் ஃபெரெட்தான், அடி" என்றேன். கழுத்தில் இல்லை. பிடரியில் மட்டும் இன்னும் ஒரு கீற்று.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். பூனைக்குட்டிக் கதைக்கு நானும் மிசஸ் ரிட்லியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் கடைசிப் பக்கம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கடிதத்தின் அடியில் வாலைப் போல ஒட்டி அனுப்புகிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்? பார்க்கலாமாம். என்னத்தைப் பார்ப்பது? மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று வெந்நீர்க் குழாயையா?

நெட் ஃபெதர்ஸ்டன் பிஷப்புக்குத் தின்னக் கொடுத்தே கொன்றுவிடுவான். அவனுடையதைத்தான் பார்த்திருக்கிறோமே.

என் கொட்டகையில் வடக்குப் பக்கச் சுவரோரம் இடத்தை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். டல்லிப்பின் மகன் வந்து கூண்டுக்குப் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறான். புதுப் பலகை. பழைய மரம் ஒரு குச்சிகூட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் மாடி அறையின் ஜன்னல் மலையைப் பார்த்தபடி இருக்கிறது. மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினேன். அந்த அறையில் வெந்நீர் வராது. நான் கொண்டுவந்து தருகிறேன், பாதி பாதியாக.

வழக்கம் வழக்கம்தான். முதல் குட்டி உன்னுடையது. நீ வந்து பார்க்காமல் நான் ஒன்றையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆற அமர உட்கார்ந்து பார், ஜட்ஜ் மாதிரி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார், எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள். ஆனால் இங்கிருந்து கொண்டுபோகாதே.

நீயும் போகாதே.

அக்கா
ஹெஸ்டர்